சைலென்சரில் எடை குறைக்கலாம், ஆனால் டைட்டானியத்தில் ஆரம்பிக்காதீர்கள்

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். 2.5 அங்குலப் புகைக்குழாய், அதாவது வெளிவிட்டம் 63.5 மி.மீ., சுவர்க் கனம் 1.5 மி.மீ., 304 ரக எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் ஒரு மீட்டர் நீளம் 2.3 கிலோ வரும். அதையே 1.2 மி.மீ. கனத்தில் வாங்கினால் 1.85 கிலோ. டைட்டானியத்தில் 1 மி.மீ. கனம் போதும், அது 0.9 கிலோவைத் தொடாது. காரின் அடியில் ஓடும் குழாய் மொத்தம் மூன்று மீட்டர் என்று வைத்துக்கொண்டால், கனமான எஸ்எஸ்ஸிலிருந்து டைட்டானியத்துக்கு மாறினால் கிடைக்கும் லாபம் நான்கு கிலோ சொச்சம். அவ்வளவுதான். "டைட்டானியம் போட்டேன், கார் பறக்குது" என்று யாராவது சொன்னால், அவர் மாற்றியது குழாயை மட்டுமல்ல, பின்னால் இருந்த பெரிய டப்பாவையும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எடை உட்கார்ந்திருப்பது அந்த டப்பாவில்தான். கம்பெனி மஃப்ளர் என்பது இரட்டைத் தகடு, உள்ளே மூன்று நான்கு அறைகள், புகை முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஓடும் குழாய்கள், தூக்கிப் பிடிக்கத் தடித்த இரும்பு பிராக்கெட்டுகள். அதைக் கழற்றிவிட்டு, துளையிட்ட குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழையோ எஸ்எஸ் கம்பளியோ அடைத்த நேர்வழி மஃப்ளரைப் போட்டால், அது சாதாரண 304ஆக இருந்தாலும், பல கார்களில் எடை பாதியாகக் குறையும். அதனால் பணத்தைச் செலவழிக்கும் வரிசை இதுதான்: முதலில் பின் மஃப்ளர், அப்புறம் நடுக்குழாயும் ரெசனேட்டரும் (உறுமலைக் குறைக்கும் இன்னொரு டப்பா), கடைசியில், மனசு கேட்கவில்லை என்றால் மட்டும், ஹெடர், அதாவது இன்ஜின் வாயிலேயே மாட்டும் குழாய்த் தொகுதி (மேனிஃபோல்டு).

ஓர் உதாரணக் காரை எடுத்துக்கொள்வோம், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் வந்தது, எடை 950 கிலோவை ஒட்டி, அமெரிக்காவில் விற்ற 1.6 லிட்டர் இன்ஜினுக்கு 116 குதிரைத்திறன். இதில் 10 கிலோ குறைத்தால், எடைக்கும் திறனுக்கும் உள்ள விகிதத்தில் அது ஒரு குதிரைத்திறனுக்குச் சற்று மேல் கூட்டியதற்குச் சமம். ஒன்றே ஒன்று! நேர்கோட்டு வேகத்தை மட்டும் பார்த்தால் இதெல்லாம் வெட்டிச் செலவு. ஆனால் பின் மஃப்ளர் தொங்குவது பின் அச்சுக்கும் பின்னால், காரின் கடைசி ஓரத்தில். நடுவில் குறையும் 10 கிலோவைவிட ஓரத்தில் குறையும் 10 கிலோவுக்கு மதிப்பு அதிகம், ஏனென்றால் வளைவில் கார் தன்னைத்தானே திருப்பிக்கொள்ளும்போது ஓரத்து எடைதான் அதிகம் அடம் பிடிக்கும். போர்ஷே 911 மாதிரி இன்ஜினே பின்னால் இருக்கும் காரில் இது இன்னும் நன்றாகத் தெரியும். 2017இல் வந்த 911 ஜிடி2 ஆர்எஸ்ஸில் போர்ஷே டைட்டானியம் எக்ஸாஸ்ட்டைக் கம்பெனியிலேயே போட்டுக் கொடுத்தது, 911 டர்போவில் இருப்பதைவிட அது சுமார் 7 கிலோ குறைவு. முன்னால் இன்ஜின் உள்ள காரில் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். பின்னால் மட்டுமே எடையைக் குறைத்துக்கொண்டே போனால் முன்பக்கத்தின் பங்கு கூடிக்கொண்டே போகும். எம்எக்ஸ்-5இன் முதல் இரண்டு தலைமுறைகளில் பேட்டரியும் டிக்கியில்தான் இருக்கிறது, அதையும் இலேசாக்கினால் விளைவு சேர்ந்து வரும்.

எடை போடாமல் எதையும் வாங்காதீர்கள்

விற்பவர் சொல்லும் "40 சதவீதம் குறைவு" எதனோடு ஒப்பிட்டு என்று யாரும் சொல்வதில்லை. பழைய மஃப்ளரைக் கழற்றியதும் தொங்கு தராசில் மாட்டுங்கள், பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்காரரிடம் கேட்டாலே போட்டுக் கொடுப்பார். பிராக்கெட், கிளாம்ப், பேக்கிங், வெப்பத் தடுப்புத் தகடு எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் புதிய செட்டின் எடையைச் சொல்லும்போது இவற்றையெல்லாம் பலர் சேர்ப்பதில்லை. அப்புறம் மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு ரூபாய் ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். காரை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுபவர் ஸ்டெப்னியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் பைசா செலவில்லாமல் பத்துக் கிலோவுக்கு மேல் போகும். பழைய லெட் ஆசிட் பேட்டரியை லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியாக மாற்றினாலும் நல்ல குறைப்புக் கிடைக்கும், சூடான குழாயின் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். இவற்றையெல்லாம் முடித்த பிறகு டைட்டானியத்தின் விலையைக் கேளுங்கள், அப்போது நிதானமாகக் கேட்கத் தோன்றும்.

எந்த உலோகம் எந்த இடத்தில்

மைல்டு ஸ்டீல்: விலை குறைவு, வெல்டிங் சுலபம், துரு பிடிக்கும். அலுமினியம் பூச்சு கொடுத்தது கொஞ்சம் தாங்கும், ஆனால் வெல்டிங் போட்ட இடத்தில் பூச்சு எரிந்துபோவதால் அங்கிருந்துதான் அரிக்க ஆரம்பிக்கும். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

409 என்பது கம்பெனிகள் அதிகம் போடும் எஸ்எஸ். குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டி, நிக்கல் கிட்டத்தட்ட இல்லை, காந்தம் ஒட்டும், மேலே பழுப்பாகத் துரு படரும். பார்க்க அசிங்கம், ஆனால் சூட்டில் அதிகம் விரியாது, அதனால் வெடிப்பும் குறைவு. அசிங்கமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைக் கழற்றி எறியாதீர்கள்.

304தான் நம் ஆட்களுக்குப் பிடித்தது. 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல், பளபளப்பு நிற்கும், எந்த ஆர்கான் வெல்டிங் பட்டறையிலும் வேலை நடக்கும். இதன் குணக்கேடு, சூட்டில் அதிகமாக விரிவது. வெப்பநிலை 500 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் குழாய் எட்டு ஒன்பது மி.மீ. நீளும். டைட்டானியம் அதில் கிட்டத்தட்டப் பாதிதான் நீளும். இந்த நீட்சிக்கு இடம் கொடுக்காமல் இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினால், வெல்டிங்குக்குப் பக்கத்தில் ஒருநாள் கோடு விழும். இன்னொரு சிக்கல், 425இலிருந்து 850 டிகிரி வரைக்குமான சூட்டில் நெடுநேரம் கிடந்தால் குரோமியமும் கார்பனும் சேர்ந்துகொண்டு உலோக மணிகளின் ஓரங்களில் படியும், அந்த ஓரங்கள் அரிப்புக்கு இளகிவிடும். கார்பன் 0.03 சதவீதத்துக்கு மேல் போகாத 304எல் வாங்கினால் இது குறையும். ஹெடருக்கு, அதிலும் டர்போ காருக்கு, 321 நல்லது. அதில் கொஞ்சம் டைட்டானியம் கலந்திருப்பதால் கார்பன் அதனுடன் போய்ச் சேர்ந்துகொள்ளும், குரோமியம் தப்பித்துவிடும்.

நம் ஊரில் 304 என்ற பெயரில் 202 தலையில் கட்டப்படுவது சாதாரணமாக நடக்கும். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டியிருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது, பளபளப்பும் அப்படியே இருக்கும், ஆறு மாதத்தில் டீ நிறக் கறை படரும்போதுதான் தெரியும். இரும்புக் கடைகளில் ஒரு சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். குழாயைத் துடைத்து, ஒரு சொட்டு விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் ஒரு முனையைக் குழாயிலும் மறுமுனையைச் சொட்டிலும் தொட்டால், மாங்கனீஸ் அதிகமுள்ள 200 வரிசை என்றால் சில விநாடிகளில் சிவக்கும். அதைச் செய்து காட்டத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள். காந்தத்தை மட்டும் நம்பவே நம்பாதீர்கள், உண்மையான 304கூட வளைத்த இடத்தில் லேசாக ஒட்டும்.

இன்கோனல் 625: நிக்கல்தான் பெரும்பங்கு, கூடவே குரோமியம், மாலிப்டினம். அடர்த்தியில் எஸ்எஸ்ஸைவிடக் கனம், கன சென்டிமீட்டருக்கு 8.44 கிராம். அப்படியானால் எடை எப்படிக் குறையும்? கடும் சூட்டிலும் எஸ்எஸ்ஸைவிட அதிகப் பலத்தோடு நிற்பதால் சுவரை மிக மெல்லியதாக எடுக்கலாம். 0.9 மி.மீ. கனத்தில் அதே 2.5 அங்குலக் குழாய் ஒரு மீட்டர் ஒன்றரைக் கிலோதான். மெக்லாரன் எஃப்1 காரின் எக்ஸாஸ்ட் இன்கோனல்தான், பின்னால் மோதினால் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும் வேலையையும் அதன் மஃப்ளருக்கே கொடுத்திருந்தார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு இது டர்போ மேனிஃபோல்டைத் தாண்டித் தேவைப்படாது.

இப்போது டைட்டானியம். அடர்த்தி 4.51, எஸ்எஸ்ஸில் பாதிக்குக் கொஞ்சம் மேல். பெரும் எண்ணிக்கையில் தயாரான காரில் டைட்டானியம் எக்ஸாஸ்ட் முதலில் வந்தது 2001 கார்வெட் இசட்06இல், அதில் ஏறத்தாழ 8 கிலோ குறைந்தது. கவனித்துப் பாருங்கள், அங்கேயும் டைட்டானியம் போட்டது பின்பக்க மஃப்ளர் பகுதிக்குத்தான், இன்ஜின் வாய்க்கு அல்ல. காரணம் சூடு. டிராக்கில் முழு மிதியில் ஓடும் பெட்ரோல் இன்ஜினின் வாயிலிருந்து வரும் புகை 800, 900 டிகிரி. சாதாரண கிரேடு 2 டைட்டானியம் 600 டிகிரியை நெருங்கினாலே காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி, மேல்தோல் கெட்டியாகி, நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால் 'கேட்' எனப்படும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னால் வரும் குழாயிலிருந்து கடைசி வரைக்கும் டைட்டானியம் தாராளமாகப் போடலாம், கேட்டுக்கு முன்னால் வேண்டாம். சூட்டைத் தாங்கும் தனிக் கலவைகளும் இருக்கின்றன, ஆனால் "முழு டைட்டானியம் ஹெடர்" என்று யாராவது மலிவாகக் கொடுத்தால் எந்தக் கிரேடு என்று கேளுங்கள். பதில் வராது.

டைட்டானியம் என்று நம்பி வாங்கியது டைட்டானியம்தானா என்றால், மூலையில் ஒரு துண்டைக் கிரைண்டரில் வைத்துப் பாருங்கள், கண் கூசும் வெள்ளைப் பொறி பறக்கும். 304 என்றால் சின்னதாக, சிவந்த பொறி. கிரைண்டரின் அடியில் சேரும் டைட்டானியத் தூளை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள், அது தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, உலர்ந்த மணல் போடுங்கள்.

பட்டறையில் பார்க்க வேண்டியது

எஸ்எஸ் குழாய்க்கு வெல்டிங் போடும்போது வெளியே மட்டும் ஆர்கான் போதாது, குழாயின் இரு முனையையும் டேப்பால் அடைத்து உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். இல்லையென்றால் உட்பக்கம் கருத்து, சர்க்கரை மாதிரிப் பொறுக்குத் தட்டும். அங்கே புகை தடைபடுவதோடு, வெடிப்பும் அங்கிருந்தே ஆரம்பிக்கும். நம் பட்டறைகளில் "அதெல்லாம் வேண்டாம் சார், வெளிய சூப்பரா இருக்கும்" என்பார்கள். ஆர்கான் காசை நானே தருகிறேன் என்று சொல்லிவிடுங்கள், வாக்குவாதம் முடிந்துவிடும்.

டைட்டானியம் இதைவிடப் பிடிவாதக்காரன். குழாயின் ஓரங்கள் இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும், அசிட்டோனில் துடைக்க வேண்டும், குளோரின் கலந்த கிளீனர் கூடவே கூடாது, கையுறை இல்லாமல் தொடக் கூடாது, டார்ச்சில் ஆர்கானைச் சீராகப் பரப்பும் பெரிய வாய் கொண்ட கேஸ் லென்ஸ் வேண்டும், சுடர் நகர்ந்த பிறகும் அந்த இடம் 400 டிகிரிக்குக் கீழே இறங்கும் வரை ஆர்கான் மூடியிருக்க வேண்டும். வேலை சரியா என்று பார்க்க வெல்டிங்கின் நிறமே போதும். வெள்ளி நிறம் என்றால் முதல்தரம். வைக்கோல் மஞ்சள் ஏற்கலாம். நீலமும் ஊதாவும் போட்டோவில் அழகாக இருக்கும், எல்லோரும் அதைத்தான் லைக் போடுவார்கள், ஆனால் வெல்டிங்கின் மேலேயே அந்த நிறம் வந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சாம்பல், வெள்ளைத் தூள் படிந்திருந்தால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி போடச் சொல்லுங்கள். ஓடிய பிறகு சூட்டில் குழாய் முழுக்க வரும் நீலம் வேறு கதை, அதற்குப் பயப்பட வேண்டாம்.

டைட்டானியத்தையும் எஸ்எஸ்ஸையும் நேராக ஒட்ட முடியாது, சேரும் இடம் கண்ணாடி மாதிரி உடையும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வி-பேண்ட் கிளாம்ப் போடுங்கள், அல்லது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும் மூட்டு. டைட்டானியம் எஸ்எஸ்ஸைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு வளைந்து கொடுக்கும் என்பதால் அதிர்வு அதிகம். தொங்கும் பிராக்கெட் ஒட்டிய இடங்களில் சின்னப் பட்டை ஒன்றை அடியில் வைத்துப் பரப்பளவைக் கூட்டச் சொல்லுங்கள், வெடிப்பு விழுவதெல்லாம் அங்கேதான். இன்ஜின் குறுக்கே படுத்திருக்கும் காராக இருந்தால் இன்ஜினின் அசைவுக்கு வளைந்து கொடுக்கும் மடிப்புக் குழாய் ஒன்று கட்டாயம், அதன் எடையைப் பார்த்து அதைத் தவிர்க்காதீர்கள்.

குழாயின் விட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 116 குதிரைத்திறன் காருக்கு 3 அங்குலம் போடுவது வீண், இரண்டு அல்லது இரண்டேகால் அங்குலம் போதும். பெரிய குழாய் என்றால் எடையும் கூடும், சத்தமும் கூடும், கீழ் ஆர்பிஎம்மில் இழுவையும் மந்தமாகும். எம்எக்ஸ்-5இன் 1.6க்குக் கம்பெனியே குழாய்களாலான எஸ்எஸ் மேனிஃபோல்டைத்தான் கொடுத்தது, அதைக் கழற்றி வேறு ஹெடர் போட்டுக் கிடைப்பது பெரும்பாலும் மனத்திருப்திதான்.

இலேசான மஃப்ளர் போட்டதும் வரும் அடுத்த தொல்லை, ஹைவேயில் 3000 ஆர்பிஎம்மில் காதுக்குள் உறுமும் ஒரே சுருதி. நான்கு சிலிண்டர் இன்ஜின் அந்த வேகத்தில் விநாடிக்கு 100 முறை வெடிக்கிறது, அந்த 100 ஹெர்ட்ஸ்தான் உங்களைக் கொல்வது. இதற்கு இன்னொரு கனமான ரெசனேட்டர் போடத் தேவையில்லை. பக்கவாட்டில் ஒரு முனை அடைத்த குழாயை ஒட்டலாம். 300 டிகிரிப் புகையில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 480 மீட்டர், அதை 100 ஹெர்ட்ஸின் நான்கு மடங்கான 400ஆல் வகுத்தால் 1.2 மீட்டர், அந்தக் கால் அலைநீளம்தான் குழாயின் நீளம். டைட்டானியத்தில் செய்தால் ஒரு கிலோ ஏறும், காது பிழைக்கும். இடம் இல்லையென்றால் குழாயோடு ஒட்டி வளைத்துக்கொள்ளலாம்.

வெப்பத் துணி சுற்றுவதைப் பற்றிப் பலரும் கேட்பார்கள். மைல்டு ஸ்டீலில் சுற்றினால் ஈரத்தைப் பிடித்து வைத்து அரிக்கும், 304 ஹெடரில் சுற்றினால் உலோகம் இன்னும் சூடேறிச் சீக்கிரம் வெடிக்கும். செராமிக் பூச்சு நல்லது. எடை குறைக்கிறேன் என்று பெட்ரோல் டேங்கின் பக்கத்திலிருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கழற்றுவது மட்டும் பைத்தியக்காரத்தனம், அந்த அலுமினியத் தகட்டின் எடை கிராமில்தான்.

கேட்டைத் தூக்காதீர்கள். எடை குறைய வேண்டுமென்றால் சதுர அங்குலத்துக்கு 200 அறை கொண்ட உலோகக் கேட் இருக்கிறது. இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது, 190(2) சத்தத்துக்கும் புகைக்கும் அபராதம் போடும். இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்கு டிரெய்லரில் ஏற்றிப் போகிற கார் என்றால் விஷயம் வேறு. வெளிநாட்டில் டிராக்கிலும் சத்தத்துக்கு வரம்பு உண்டு, கலிபோர்னியாவின் லகுனா செக்காவில் டெசிபல் மீட்டரைத் தாண்டினால் கொடி காட்டி வெளியே அனுப்பிவிடுவார்கள், அதனால் அங்கே குழாயின் வாயை மீட்டர் இல்லாத பக்கமாகத் திருப்பும் தற்காலிக வளைவுகளை மாட்டிக்கொண்டு ஓட்டுகிறார்கள்.

மாட்டும்போது எல்லா போல்ட்டையும் கையால் மட்டும் திருகி, குழாயைத் தொங்கவிட்டு, பம்பருக்கும் அச்சுக்கும் டேங்குக்கும் ஒரு விரல் அகலத்துக்கு மேல் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டே போங்கள். எஸ்எஸ் நட்டும் எஸ்எஸ் போல்ட்டும் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு கழலாமல் போகும், நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் பசை தடவுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, தடித்த துணியால் பின்வாயைப் பாதி மூடி, மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிவு குமிழியாகத் தெரியும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே போய் சென்சார் தப்பாகப் படிக்கும், கம்ப்யூட்டர் பெட்ரோலை அள்ளி ஊற்றும், நீங்கள் இன்ஜெக்டரைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, முழுக்க ஆறவிட்டு, எல்லாவற்றையும் ஒருமுறை மறுபடி இறுக்குங்கள். கண்ணாடி இழை அடைத்த மஃப்ளர் என்றால் சத்தம் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வரும், அடைப்பு எரிந்துபோகிறது என்று பொருள், அதனால் வாங்கும்போதே ரிவெட் கழற்றிப் புதிதாக அடைக்க முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

கழற்றிய கம்பெனி சைலென்சரை இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஈரம் போகக் காயவைத்து, இரு வாயையும் துணியால் அடைத்து, கிளாம்ப், பேக்கிங், போல்ட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதிலேயே கட்டி வையுங்கள். எஃப்சிக்குப் போகும்போதும் காரை விற்கும்போதும் அது வேண்டும்.